வாட்டர்லூ ஸ்ட்ரீட்ல கிருஷ்ணர் தரிசனம்

ஊர்லேர்ந்து சித்தி சிங்கப்பூருக்கு வந்திருந்தாங்க. தேக்கா (லிட்டில் இந்தியா), வீரமாகாளியம்மன், சைனாடவுன் மாரியம்மன் எல்லாம் பாத்தாச்சு, ஞாயித்துக்கிழம காலைல பூகிஸ் ரயில் ஸ்டேஷன்ல இறங்கி வாட்டர்லூ ஸ்ட்ரீட் கிருஷ்ணன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன்.

கார் போகாத தெரு அது. கிருஷ்ணன் கோயிலும் குவான் இம்ங்கற சீன அம்மனோட கோயிலும் பக்கத்துல பக்கத்துல, கொஞ்சம் தள்ளி யூதர்களோட கோயில் ஒண்ணு, 1878ல கட்டினது. நம்ம கோயிலு 1870ல ஹனுமான் பீம் சிங்னு ஒருத்தர் ஆலமரத்தடில சாமி வச்சு ஆரம்பிச்சது, குவான் இம் வந்தது அதுக்கப்புறம்தான், 1884ல.

சித்தி வாசல்லயே நின்னுட்டாங்க. ஒரு சீனப் பாட்டி, குவான் இம்ல கும்பிட்டு முடிச்சுட்டு நேரா நம்ம வாசலுக்கு வந்து, ஊதுபத்திய ரெண்டு கையாலயும் நெத்திக்கு மேல தூக்கி மூணு தடவ குனிஞ்சு, வெளில இருக்கற கலசத்துல சாம்பல்ல குத்தி வச்சாங்க, இன்னொரு கைல தாமரை மொட்டு கவர். "ஏய், பெருமாளுக்கு இப்படியாடா கும்பிடுவாங்க"ன்னு சித்தி கேட்டாங்க, "இங்க அப்படித்தான் சித்தி"ன்னேன். அதுக்குள்ள பாட்டி செருப்பக் கழட்டிட்டு உள்ள போய் தீபாராதனைக்கு எங்களுக்கு முன்னாடி நின்னுட்டாங்க! நாங்க அவங்களுக்குப் பின்னாடிதான் ஆரத்தி எடுத்துக்கிட்டோம் (சித்திக்கு அதுல லேசா வருத்தம்).

தரிசனம் முடிச்சு வெளில வந்து தெருவுலயே ரொம்ப நேரம் சுத்துனோம். பூக்கடை ஆன்ட்டிங்க கைய காட்டி கூப்பிடுறாங்க, குறி சொல்ற தாத்தா ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காரு, சீனக் கோயிலுக்குள்ள குறி பாக்க குச்சி குலுக்குற கலகல சத்தம் தெரு வரைக்கும் வருது. "இது நம்ம சன்னதித் தெருதான்டா"ன்னாங்க சித்தி. உண்மதான், சாமிக்காக வர்ற கூட்டத்த நம்பித்தான் கடையே.

எதிர்ல இருக்கறது பழைய காலத்து அழகுக் கட்டடம் எதுவும் இல்ல, சாதாரண ஹெச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) புளோக். ஆனா சைனாடவுன்ல பாருங்க, 1827ல நாராயண பிள்ளை ஆரம்பிச்ச மாரியம்மன் கோயில், அதோட கோபுரத்த வச்சுத்தான் பக்கத்துல பகோடா ஸ்ட்ரீட்னே பேரு, கடைவீடெல்லாம் பெயின்ட் அடிச்சு அஞ்சடியோட (கடை முன்னாடி கூரை போட்ட நடைபாதை) பளபளன்னு காப்பாத்தி வச்சிருக்காங்க, கீழ விக்கறது முக்காவாசி டூரிஸ்ட்டுக்கான ஃப்ரிட்ஜ் மேக்னட்டு. அம்மனுக்கு மாலை வேணும்னா நான் தேக்காவுலயே வாங்கிட்டுப் போயிடுவேன். சுவர காப்பாத்துறது நல்லதுதான், வேணாம்னு சொல்லல, ஆனா தெருவுல சாமி சம்பந்தப்பட்ட யாவாரம் போயிட்டா அது போட்டோ எடுக்கத்தான் ஆகும்னு எனக்குத் தோணுது. வாட்டர்லூல போட்டோவுக்கு ஒண்ணும் பெருசா இல்ல, தெரு மட்டும் நல்லா இருக்கு.

போறவங்க சீன மாசத்துல 1ஆம் நாள், 15ஆம் நாள் கூட்டம் ஜாஸ்தின்னு தெரிஞ்சுக்கோங்க, வயசானவங்கள கூட்டிட்டுப் போனா அந்த நாள் வேணாம். பசிச்சா பக்கத்துல ஆல்பர்ட் சென்டர்ல சீன சைவக் கடை இருக்கும், முட்டை உண்டான்னு ஒரு தடவ கேட்டுக்கோங்க. சித்தி ரெண்டு தட்டு பீஹூன் (அரிசி சேமியா) சாப்ட்டாங்க.