பிராட்டா கடையில் நான் கேட்ட கேள்விகள்

சிங்கப்பூரில் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் நிலையம் அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஐந்து வயதுக்காரர்களின் கே1 வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் 6 பேர். பெரும்பாலும் வீட்டில் ஆங்கிலம்தான்.

போன ஆண்டு ஒரு பணிமேம்பாட்டுப் பயிற்சிக்குப் போனேன். பிள்ளைகள் விளையாடும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கும் 4 நிமிட வீடியோ ஒன்றைக் கொண்டுவாருங்கள், வேறு எதுவும் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். வீட்டில் நான் எடுத்ததை ஒருமுறை பார்த்தேன். பாடம் நன்றாகத்தான் போயிருக்கிறது என்று நினைத்தேன்.

வீடியோவில் பிள்ளைகளின் பிராட்டா (பரோட்டா) கடை விளையாட்டு நடக்கிறது. பையன் ஒருவன் கைக்குட்டையை மேசையில் தட்டி, விரித்து, தலைக்கு மேல் சுழற்றுகிறான். ஒரு சிறுமி "ஒரு கோசோங், ஒரு முட்டை" என்று ஆர்டர் கொடுக்கிறாள். கோசோங் என்றால் உள்ளே எதுவும் வைக்காத வெறும் பிராட்டா. உடனே நான் நுழைகிறேன். இது என்ன நிறம்? மொத்தம் எத்தனை பிராட்டா? முட்டை எங்கிருந்து வரும்? எண்ணிப் பார்த்தால் 4 நிமிடத்தில் 11 கேள்விகள். பதிலுக்கு நான் காத்திருக்கவே இல்லை.

பயிற்சியில் முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்த மலாய் ஆசிரியைக்கு எப்படியும் தமிழ் தெரியாது. அவர்தான் கவனித்துச் சொன்னார்: "நீங்கள் வாய் திறக்கும்போதெல்லாம் அவன் கை நின்றுவிடுகிறது." மறுபடி ஓட்டிப் பார்த்தோம். உண்மைதான். சுழன்றுகொண்டிருந்த கைக்குட்டை அப்படியே தொங்குகிறது. மூன்றாவது முறை நின்றதும் சிறுமி எழுந்து கட்டைகள் இருக்கும் அலமாரிப் பக்கம் போய்விட்டாள். கடை மூடியாயிற்று.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் அப்படிக் கேட்டேன்? யோசித்தபோது பதில் தெரிந்தது. பயம். தமிழுக்குக் கிடைப்பது நாளில் கொஞ்ச நேரம். அதற்குள் ஒரு சொல்லையாவது வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம். கல்வி அமைச்சின் பாலர்பருவக் கல்விக் கட்டமைப்பு 2003இல் வந்து, 2012இலும் 2022இலும் புதுப்பிக்கப்பட்டது. 'நோக்கமுள்ள விளையாட்டு' என்று அதில் ஒரு சொல் உண்டு. அந்த நோக்கம் முழுக்க என்னுடையது என்றே இத்தனை நாள் எடுத்துக்கொண்டிருந்தேன். பிராட்டா போடுகிறவனுக்கும் ஒரு நோக்கம் இருக்கிறதே.

டொனால்ட் ஷோன் என்ற அறிஞர் 1983இலேயே இரண்டு வகைச் சிந்தனையைப் பிரித்துச் சொன்னார்: வேலை முடிந்த பிறகு திரும்பிப் பார்ப்பது ஒன்று, வேலை நடக்கும்போதே யோசித்து மாற்றிக்கொள்வது இன்னொன்று. முதலாவதை நான் பல ஆண்டுகளாகத் தாளில் செய்துவந்தேன். "பிள்ளைகள் மகிழ்ச்சியாகப் பங்கேற்றனர்" என்று எழுதிக் கோப்பில் வைத்துவிடுவேன். அதைச் சிந்தனை என்று இப்போது என்னால் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் சின்ன நாற்காலியில் வாடிக்கையாளராக உட்கார்ந்தேன். "அண்ணே, ரெண்டு கோசோங். கொஞ்சம் மொறுமொறுன்னு போடுங்க." அப்புறம் வாயைத் திறக்கவில்லை. மனதுக்குள் பத்து எண்ணினேன். அது எவ்வளவு கஷ்டம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். பையன் கைக்குட்டையைத் திருப்பிக்கொண்டே கேட்டான், "மொறுமொறுன்னா கிரிஸ்பியா?"

"ஆமாண்ணே."

இரண்டு உள்ளங்கைகளாலும் பிராட்டாவைப் பக்கவாட்டில் தட்டி நொறுக்கி என் முன்னால் வைத்தான். "சூடா இருக்கு, தொடாதீங்க. மீன் கறி வேணுமா, பருப்பு வேணுமா?" மூன்று மாதத்தில் அவனிடமிருந்து நான் கேட்ட மிக நீளமான தமிழ் அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 'விளையாடிக்கொண்டே இருந்தால் தொடக்கநிலை ஒன்றுக்குத் தயாராவானா?' என்று பெற்றோர் கேட்கிறார்கள்; நியாயமான கவலை, வீடியோவையே காட்டிப் பேசுகிறேன். நேரம்தான் பெரிய பிரச்சினை. பிள்ளைகள் தூங்கும் நேரத்தில்தான் மற்ற எழுத்து வேலையும் இருக்கிறது. நிலையத் தலைவியிடம் கேட்டு, வாரம் 20 நிமிடம் வாங்கியிருக்கிறேன். சீன மொழி ஆசிரியையும் நானும் ஒருவர் வீடியோவை ஒருவர் பார்க்கிறோம். மொழி புரியாதது நல்லதாகத்தான் இருக்கிறது, கண் பிள்ளையின் கை மீதே நிற்கிறது.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பழைய வீடியோவை அவரிடம் காட்டினேன். அவர் திரையின் ஓரத்தைத் தொட்டார். அங்கே இன்னொரு சிறுமி காகிதத்தை மடித்து மடித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள், பிராட்டாவைக் கட்டிக் கொடுப்பதற்கு. வகுப்பில் பேசவே பேசாத பிள்ளை. அத்தனை முறை பார்த்தும் அவள் என் கண்ணில் படவில்லை. திங்கட்கிழமை ரெண்டு பிராட்டா கட்டிக் கொடுக்கச் சொல்லி அவளிடம்தான் போகப் போகிறேன்.