சந்தை கழித்ததைப் பள்ளி கேட்டது

விவசாயிகள் பதினோரு பேரின் விளைச்சலைப் பள்ளிகளுக்கும் குழந்தைகள் காப்பகங்களுக்கும் விற்றுக்கொடுக்கும் பொறுப்பை ஏற்றபோது, சரக்கு நன்றாக இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். முதல் பள்ளியிலேயே அந்த எண்ணம் உதிர்ந்தது. சமையல்கூடப் பொறுப்பாளர் விலையைக் கேட்கவே இல்லை. "ஒரு பெட்டியில் எத்தனை பழம் இருக்கும்?" என்றார். எனக்கு எடைதான் தெரியும். அவருக்கோ தலைக்கு ஒன்று வருமா என்பதுதான் கவலை.

அன்று மாலையே தோட்டத்தில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாக எண்ணினோம். சந்தையில் பொடி என்று கழித்துத் தள்ளும் பழம், சிறு பிள்ளையின் கைக்கு அளவாக இருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. பெரிய பழத்தைப் பாதி கடித்துவிட்டுக் குப்பையில் போடுகிறார்கள் என்று அந்தப் பொறுப்பாளரே புலம்பியிருந்தார். எங்களுக்குக் கிடைத்த முதல் ஆர்டர் பொடிப் பழத்துக்குத்தான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் காகித வேலை. தண்ணீர்ப் பரிசோதனைச் சான்று, காப்பீடு, ஒவ்வொரு பெட்டியிலும் தோட்டத்தின் பெயரும் பறித்த தேதியும் எழுதிய சீட்டு. சீட்டு வீண் வேலை என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். ஒருநாள் கீரையில் மண் இருப்பதாகப் புகார் வந்தது. சீட்டு இருந்ததால் அது ஒரு தோட்டத்தோடு போயிற்று. இல்லாவிட்டால் பதினோரு பேரின் சரக்கும் திரும்பியிருக்கும்.

பிரேசிலில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் வாங்கச் செலவிடச் சொன்னது என்று கொள்முதல் அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தேன். "அது அங்கே" என்றார்.

காப்பகங்களின் கணக்கே வேறு. வாங்குவது கொஞ்சம், பயம் அதிகம். பயத்தில் நியாயமும் உண்டு. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுத் திராட்சையோ பச்சைக் கேரட் துண்டோ தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும். கேரட்டை மெத்தென்று வேகவைக்க வேண்டும். நாங்களே நறுக்கித் தருகிறோம் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டேன். நறுக்கியதை 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே வைத்தே கொண்டுபோக வேண்டும், அதற்குக் குளிர்வண்டி வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. சொன்ன வாயாலேயே மன்னிப்புக் கேட்டு, சீக்கிரம் வெந்து மசியும் காய்களை மட்டும் பட்டியலில் வைத்தோம். பல காப்பகங்களின் ஆர்டரை ஒரே நாள், ஒரே வழி என்று சேர்த்த பிறகே வண்டிச் செலவு கட்டுப்படியானது.

பணம் வர நாற்பது நாளானது. சந்தையில் கைமேல் காசு வாங்கிப் பழகியவர்களிடம் இதை முதலிலேயே சொல்லாதது என் தவறு. இரண்டு பேர் விலகிவிட்டார்கள்.

அறுவடை உச்சத்தில் இருந்தபோது பள்ளிக்கு நீண்ட விடுமுறை வந்ததும் எங்களுக்குப் பெரிய அடி. இப்போது பள்ளி நாட்காட்டியைப் பார்த்துத்தான் விதைக்கிறோம். விலகியவர்களில் ஒருவர் சென்ற வாரம் வந்து அதில் ஒரு பிரதி கேட்டார்.