அம்மாச்சி கையெழுத்துப் போடுவாள்

போன ஏப்ரலில் ஒரு சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வீட்டில் சத்தமே இல்லை. ஊரிலிருந்து அம்மா வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவளும் என் மகளும் சேர்ந்தால் வீடு இரண்டுபடும். அடுப்பை அணைத்துவிட்டுத் தேடினேன். துணிமணி வைக்கிற சின்ன அறைக்குள் விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு பேரும் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். ஆறு வயது மகள் சிரிக்கவில்லை.

"அம்மாச்சி, சத்தம் போடக் கூடாது. யாரு கதவைத் தட்டினாலும் திறக்கக் கூடாது. டீச்சர் சொல்ற வரைக்கும் இப்படியே இருக்கணும்."

அம்மா அதைக் கண்ணாமூச்சி என்று நினைத்திருந்தாள். மகள் பள்ளியில் அன்று காலை செய்த பயிற்சியை அம்மாச்சிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் நாங்கள் இருக்கிற நியூ ஜெர்சி மாநிலத்தில் மாதம் ஒரு தடவை தீ விபத்துப் பயிற்சி, மாதம் ஒரு தடவை இந்தப் பாதுகாப்புப் பயிற்சி, இரண்டும் சட்டப்படி நடந்தாக வேண்டும். துப்பாக்கியோடு யாராவது உள்ளே வந்தால் என்ன செய்வது என்பதுதான் அன்றைக்கு நடந்தது. ராத்திரி அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பச்சப் புள்ளைகிட்டயாடி இதச் சொல்லித் தாராக?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. பனியை வாரிப் போடப் பழகிவிட்டேன். ஓக் ட்ரீ ரோட்டில் எந்தக் கடையில் முருங்கைக்காய் முற்றாமல் இருக்கும் என்று தெரியும். பிரிட்ஜ்வாட்டர் கோவிலில் கூட்டமில்லாத நேரம் தெரியும். இது என் ஊராகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அம்மா வந்த பிறகு, மகளுடைய பள்ளிக்கூட வாசலைத் தாண்டும்போதெல்லாம் வேறொரு பள்ளிக்கூடம் கண்ணில் வந்து நின்றது.

புதுக்கோட்டை மாவட்டம், கீரமங்கலத்துப் பக்கம் எங்கள் ஊர். அம்மா அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிச் சில வருடங்கள் கழித்து வேலைக்குச் சேர்ந்தவள், ஓய்வு பெறும்வரை அதே கொட்டகையில்தான் புகை குடித்தாள். அந்தப் பள்ளிக்கு அப்போது சுற்றுச்சுவர் கிடையாது. ஆடு உள்ளே வரும், மூன்றாம் வகுப்பு வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டு அதை விரட்டுவார். எந்தப் பிள்ளை அன்றைக்குத் தட்டை நீட்டவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். வராத பிள்ளையின் வீட்டுக்குச் சாயங்காலம் போய், "ஏத்தா, புள்ளைக்குக் காச்சலா?" என்று கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவாள்.

அப்படிப்பட்டவள் இங்கே மூன்று மணிக்குப் பேத்தியைக் கூட்டிவரப் போனபோது, குழந்தை குளிர்கோட்டை வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டது. எடுத்துவரலாம் என்று அம்மா வாசலுக்குப் போயிருக்கிறாள். இரும்புக் கதவு. பக்கத்தில் ஒரு பொத்தான், அதற்கு மேலே ஒரு கேமரா. உள்ளிருந்து ஒரு குரல் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. அம்மா பேத்தியின் பேரைச் சொன்னாள். குரல் மறுபடி கேட்டது. அம்மா மறுபடியும் பேரைச் சொன்னாள். கதவு திறக்கவில்லை. தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் குழந்தைக்குப் போட்டு, நடுங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். "பெட்டிக்குள்ளேர்ந்து பேசுறாக தாயி, மூஞ்சியக் காட்ட மாட்டேங்குறாக" என்றாள். கோபமெல்லாம் இல்லை. அவள் குரலில் இருந்த ஆச்சரியம்தான் என்னைக் குத்தியது.

இது நடந்த மறுவாரம், பள்ளி நிர்வாகக் குழுவிடமிருந்து ஒரு அழைப்பு வந்தது. அடுத்த ஐந்து வருடத்துக்கு நம் பள்ளிகளின் இலக்குகள் என்ன, ஊர் மக்களுக்கு என்னென்ன திட்டங்கள் வேண்டும், வந்து சொல்லுங்கள் என்று. இதுபோல எத்தனையோ அழைப்பு வந்திருக்கிறது. ஒன்றுக்கும் நான் போனதில்லை. இந்தத் தடவை போனேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு.

அம்மாவுக்கு முதல் குழப்பம், அழைப்பில் இருந்த "ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்" என்ற சொல். மாவட்டக் கல்வி அலுவலர் வருவார் என்று நல்ல சுங்குடிப் புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். இங்கே ஒரு சின்ன ஊரும் அதன் நாலைந்து பள்ளிகளும் சேர்ந்தாலே ஒரு டிஸ்ட்ரிக்ட்தான் என்றேன். தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கு அளவே இருக்கிற நியூ ஜெர்சியில் இப்படி 500க்கும் மேல். நம்மூரில் மொத்த மாவட்டமே 38. "அப்ப ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு கலெக்டரு மாதிரியில்ல இருக்கு" என்றாள். எனக்கு அதைவிட நல்ல விளக்கம் தோன்றவில்லை.

கூட்டம் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில். நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர். ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு மூன்று வருடத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டப்படி அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஊரில் நாம் கட்டுகிற சொத்து வரியில் ஏறக்குறையப் பாதி பள்ளிக்குத்தான் போகிறது, அதை எப்படிச் செலவழிப்பது என்று முடிவு செய்கிறவர்கள் வேலை முடிந்து வந்து ராத்திரி பத்து மணி வரை சும்மா உட்கார்ந்து பேசுகிறார்கள். குடியுரிமை இல்லாததால் எனக்கு ஓட்டு இல்லை. ஆனால் எழுந்து பேச யாரும் குடியுரிமை கேட்பதில்லை. பள்ளிகளுக்கெல்லாம் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்ட், நாற்காலி குறைந்ததும் தானே போய் நான்கு நாற்காலிகளைத் தூக்கிவந்து போட்டார். அம்மா என் கையைக் கிள்ளி, "பாத்தியா" என்றாள். எங்கள் அப்பா தலைமையாசிரியர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

மேசைக்கு மேசை பெரிய தாள் விரித்து, கலர் கலராக ஒட்டுகிற காகிதங்கள் வைத்திருந்தார்கள். படிப்பு, பிள்ளைகளின் மனநலம், கட்டடமும் பாதுகாப்பும், பணம், ஊரோடு உறவு. இப்படி ஐந்து தலைப்பு. உங்களுக்குத் தோன்றுவதை எழுதி ஒட்டுங்கள் என்றார்கள். முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒரு பள்ளிக்கூடம் என்னிடம் "உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்கிறது. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மனசு கீரமங்கலத்துக்குப் போய்விட்டது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு போயின. பள்ளிக்கூடத்து வேம்பு சமையல் கொட்டகை மேல் விழுந்தது. வருடம் திரும்புவதற்குள் ஊர்க்காரர்கள் கல்விச் சீர் எடுத்தார்கள். எனக்கு இங்கே நடுராத்திரி, போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் மேளம். பின்னால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம். அப்புறம் பீரோ, மின்விசிறி, நாற்காலி, தண்ணீர்க் குடம், ஒரு கட்டுத் துடைப்பம். தலைமையாசிரியர் வாசலில் சந்தனக் கும்பாவோடு சம்பந்தி மாதிரி நின்று வரவேற்றார். அம்மா புது அண்டா ஒன்றைத் தலையில் தூக்கிவந்தாள். புயலில் எங்கள் தென்னை எல்லாம் சாய்ந்து கையில் காசில்லாத வருடம் அது. தன் சம்பளத்தில் வாங்கியிருந்தாள். என்ன இலக்கு, யார் பொறுப்பு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பொண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குச் செய்கிற மாதிரி செய்தார்கள்.

"என்னடி, எழுதாம உக்காந்துருக்க?"

அம்மா கேட்டதும் விழித்துக்கொண்டேன்.

பாதுகாப்பு மேசை கூடத்தின் ஒரு கோடி, ஊரோடு உறவு மேசை இன்னொரு கோடி. முதலில் பாதுகாப்பு மேசைக்குப் போனேன், கதவைப் பற்றிச் சண்டை போடும் எண்ணத்தில். அங்கே ஒரு அப்பா கனெக்டிகட்டின் நியூடவுனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். 2012 டிசம்பர் 14. சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் குழந்தைகளுக்கு வயது ஆறும் ஏழும். என் மகளுக்கு ஆறு. ஆபத்து என்றால் காவல்துறைக்குச் சத்தமில்லாமல் தகவல் போகிற பொத்தான் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இருக்க வேண்டும் என்று 2019இல் நியூ ஜெர்சி சட்டம் கொண்டுவந்தது. முந்தின வருடம் ஃப்ளோரிடாவின் பார்க்லேண்டில் பள்ளியிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட அலிஸா என்ற பதினான்கு வயதுப் பெண்ணின் பெயரில். கதவைத் திறந்து வையுங்கள் என்று நான் எந்த வாயால் சொல்வது? எழுதாமல் நகர்ந்தேன்.

ஆனால் மறுகோடிக்குப் போனதும் அங்கிருந்த தாளைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. ஊரைப் பள்ளிக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று பெரிய எழுத்தில் கேட்டிருந்தார்கள். ஊர் தினமும் மூன்று மணிக்கு வேலிக்கு வெளியே நிற்கிறது! எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆறு மாத விசாவில் வந்த தாத்தா பாட்டிகள் எத்தனை பேர். அம்மாவோடு தினமும் அந்த வேலியோரம் நிற்கிறவர்களில் ஒரு குஜராத்திப் பாட்டி, ஒரு தெலுங்குப் பாட்டி, ஒரு சீனத் தாத்தா. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. அம்மா கிண்ணத்தில் சுண்டல் கொண்டுபோவாள், குஜராத்திப் பாட்டி ஏதோ பொரி கொடுப்பாள். பேரப்பிள்ளைகளை இடுப்பில் தூக்கி வளர்த்த கைகள் அவை. பாட்டும் கதையும் விடுகதையும் அத்தனை பேரிடமும் குவிந்து கிடக்கிறது. பள்ளியோ, பிள்ளைகளோடு உட்கார ஆள் போதவில்லை என்று அதே கூடத்தில் அதே ராத்திரி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தது.

பச்சைக் காகிதத்தில் எழுதினேன்: "வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், வாசலில் நிற்கும் பாட்டி தாத்தாக்களை உள்ளே கூப்பிடுங்கள். அவரவர் மொழியில் கதை சொல்லட்டும்." பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார மூதாட்டி அதைப் படித்தார். அவருடைய பிள்ளைகள் இதே பள்ளியில் படித்து முடித்து முப்பது வருடமாகிறதாம். பிடித்த யோசனைக்கு ஒட்டச் சொல்லி ஆளுக்கு மூன்று வட்டப் பொட்டுக் கொடுத்திருந்தார்கள். மூன்றையும் என் காகிதத்திலேயே ஒட்டிவிட்டு, அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். அம்மா கும்பிட்டாள்.

ஜூன் மாதம் இலக்குகளின் வரைவை வாசித்தார்கள். ஊரோடு உறவு என்ற தலைப்பின் கீழே, குடும்பத்து முதியவர்களின் வாசிப்பு நேரம், ஒரு பள்ளியில் சோதனை முறையில் என்று ஒரு வரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அதற்கான விதியையும் சேர்த்தே சொன்னேன்: தொடர்ந்து பிள்ளைகளோடு இருக்கப்போகிறவர்கள் கைரேகை கொடுக்க வேண்டும்.

அம்மாவின் முகம் மாறியது. "கைநாட்டா?"

சொல்லும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். ஊர் ஊராகப் பெண்கள் எழுத்தும் படித்தார்கள், சைக்கிளும் படித்தார்கள். நான் ஒன்றாம் வகுப்பில் அ எழுதிய அதே வருடம், அம்மா கோவில் திண்ணையில் அரிக்கேன் வெளிச்சத்தில் அ எழுதினாள். அதற்கு முன்னால் சம்பள நாளில் கட்டை விரல் மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே வீட்டுக்கு வருவாள். அந்த மாதம் சத்துணவு அமைப்பாளர் வழக்கம்போல மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அம்மா அதைத் திரும்பத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டாள். தன் பெயரின் ஐந்து எழுத்தையும் எழுதி முடிக்கிற வரைக்கும் வரிசை காத்திருந்ததாம். அன்றைக்கு வீட்டில் பாயசம்.

விசாவுக்கு விரல் வைத்திருக்கிறாள், விமான நிலையத்தில் வைத்திருக்கிறாள், ரேஷன் கடையிலும் வைக்கிறாள். கரி அண்டா தேய்த்துத் தேய்த்து அந்த விரல்களில் ரேகை பாதி அழிந்துவிட்டது. இங்கே இறங்கியபோதுகூட அதிகாரி "இன்னும் அழுத்து, இன்னும் அழுத்து" என்று நாலு தடவை வைக்கச் சொன்னார். அதற்கெல்லாம் அவள் முகம் சுளித்ததில்லை. "கவர்மெண்டு கேக்குது, குடுத்தேன். புள்ளையளுக்குக் கதை சொல்லவுமாடி? நான் கையெழுத்துப் போடுவேன்னு அவகளுக்குச் சொல்லு."

இது வேறு, குற்றவாளிகள் உள்ளே வந்துவிடாமல் இருக்கத்தான், எல்லோருக்கும் உண்டு, ஆசிரியர்களுக்கும் உண்டு என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். மறுநாள் சாண்டி ஹூக்கைப் பற்றியும் சொன்னேன். வெகுநேரம் கழித்து, "அந்தத் தாய்மாரெல்லாம் எப்படிம்மா இருக்காக?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் கடைசியில் பள்ளி கோடை விடுமுறைக்கு மூடிவிட்டது. அம்மா ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்னால், ஊருக்குக் கிளம்பினாள். பெட்டி கட்டிக்கொண்டிருந்த ராத்திரி, அந்த வாசிப்பு நேரத்துக்கான விண்ணப்பத்தை எடுத்துவரச் சொன்னாள்.

"விரலு வைக்கிறத அடுத்த தடவ வந்து பாத்துக்குவோம். கையெழுத்துப் போட எடம் இருக்கான்னு பாரு."

இருந்தது. சாப்பாட்டு மேசையில் தாளை நேராக வைத்து, இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தமிழில் எழுதினாள். ஒவ்வொரு எழுத்தும் தட்டில் வைக்கிற கொழுக்கட்டை மாதிரி தனித்தனியாக உட்கார்ந்தது. கடைசி எழுத்துக்குக் கட்டத்தில் இடம் போதாமல் பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விட்டது. மகள் அதைக் கூட்டிப் படித்துக்காட்டினாள். விண்ணப்பம் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தேதி போடுகிற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறோம்.