பழைய மெசேஜைத் தோண்டி எடுக்கும் முதலாளி

ஐம்பது, அறுபது பேர் ஆளுக்கொரு ஊரிலிருந்து வேலை பார்க்கும் கம்பெனியில் முதலாளிக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் நடுவே ஓர் அடுக்குதான் இருக்கும். சில இடங்களில் அதுவும் இருக்காது. சேர்ந்த புதிதில் இது பெரிய சுகம். மனக்கசப்பு வரும்போதுதான் நடுவில் நிற்க ஆளில்லை என்பது உறைக்கும்.

குழுக்கள் சேர்ந்து வேலை செய்ய உதவும் மென்பொருள் விற்கும் சிகாகோவின் பேஸ்கேம்ப் கம்பெனியில் 2021 ஏப்ரலில் நடந்ததை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். ஜேசன் ஃப்ரைட், டேவிட் ஹைனமயர் ஹான்சன் இருவரும் நடத்தும் நிறுவனம். அன்று ஊழியர்கள் அறுபதுக்கும் குறைவு. ரிமோட் வேலை எப்படிச் செய்வது என்று ஊருக்கே பாடம் எடுத்தவர்கள் இவர்கள்.

வாடிக்கையாளர் பெயர்களில் 'வேடிக்கையானவை' என்று ஊழியர்கள் சேர்த்துவைத்த பட்டியல் ஒன்று அங்கே 2009 வாக்கிலிருந்து கிடந்தது. ஆசிய, ஆப்பிரிக்கப் பெயர்களும் அதில் உண்டு. (அமெரிக்க ஃபார்ம்களில் நம் பெயரை நிரப்பிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) அது தவறுதான் என்று முதலாளிகளும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் உள்விவாதம் நீண்டபோது, கேள்வி எழுப்பிய ஓர் ஊழியரே முன்பு அப்படியொரு பேச்சில் கலந்துகொண்டதை ஹான்சன் தேடி எடுத்து, எல்லோரும் படிக்கும் இடத்தில் போட்டார். இரண்டு பேர் எச்.ஆரிடம் புகார் கொடுத்தார்கள். நடவடிக்கை இல்லை. தனக்குச் சம்பளம் போடுகிறவர் மேல் எச்.ஆர். என்ன நடவடிக்கை எடுத்துவிட முடியும்?

என் கணக்கில் உடைந்தது இந்த இடத்தில்தான், பின்னால் வந்த விதிகளில் அல்ல. டீக்கடையில் பேசியது காற்றோடு போய்விடும். ரிமோட்டில் கிண்டல், கோபம், அரைகுறை யோசனை எல்லாமே தேதி போட்டுச் சேமிப்பில் இருக்கிறது. தேடல் பெட்டி எல்லோருக்கும் ஒன்றுதான். தேடி எடுத்ததைக் காட்டி ஒருவரை அடக்கும் பலம் ஒருவருக்கு மட்டுமே. முதலாளி ஒரே ஒரு தடவை அப்படிச் செய்தால் போதும். மறுநாளிலிருந்து பொதுச் சேனலில் 'நோட்டட்', 'ஓகே', ஒரு கட்டைவிரல் இமோஜி. நிஜப் பேச்சு தனி வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். எது கெட்டுக்கொண்டிருக்கிறது என்று முதலாளிக்குத்தான் கடைசியில் தெரியும்.

ஏப்ரல் 26 அன்று ஃப்ரைட் மாற்றங்களை அறிவித்தார். ஊழியர்கள் பேசிக்கொள்ளும் கம்பெனியின் உள் கணக்கில் சமூக, அரசியல் விவாதம் கூடாது, கமிட்டிகள் கிடையாது, சக ஊழியர்களும் சேர்ந்து ஒருவரை எடைபோடும் 360 டிகிரி மதிப்பீடு கிடையாது, உடற்பயிற்சி போன்ற சலுகைகளுக்குப் பதில் பணம். கலைக்கப்பட்ட கமிட்டிகளில் ஒன்றான எல்லாத் தரப்பினருக்கும் இடம் இருக்கிறதா என்று பார்க்கும் பன்மைத்துவக் குழுவில் சேர ஊழியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் முன்வந்திருந்தார்கள். அவ்வளவு சிறிய இடத்தில் அது ஏதோ ஓரத்துக் குழு அல்ல. விலக விரும்புவோருக்கு, மூன்றாண்டுக்கு மேல் இருந்தவர் என்றால் ஆறு மாதச் சம்பளம் வரை, மற்றவர்களுக்கு மூன்று மாதம் வரை தருவதாகவும் சொன்னார்கள். தாராளம்தான். ஏப்ரல் 30 அன்று நடந்த வீடியோ கூட்டத்தை ஒட்டிச் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் கிளம்பிவிட்டார்கள்.

நம் ஊரிலிருந்து இப்படிப்பட்ட வெளிநாட்டுச் சிறு கம்பெனிகளுக்கு வேலை பார்ப்பவர்களில் பலர் ஊழியர்களே அல்ல, கான்ட்ராக்டர்கள். பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை; விலகும்போது என்ன கிடைக்கும் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு. அதனால் சம்பளம் பேசும்போதே வேறு சிலவற்றையும் கேட்டுவிடுவது நல்லது. ஃபவுண்டர் மேல் புகார் என்றால் யாரிடம் போவது? 'எப்போது வேண்டுமானாலும் என்னிடமே பேசலாம்' என்று ஃபவுண்டரே சொன்னால், அப்படி ஒரு ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பு வந்ததால் சமீபத்தில் மாற்றிய முடிவு எது, அது எங்கே எழுதியிருக்கிறது? அளவில்லா லீவு என்றால், போன வருடம் ஃபவுண்டர் எத்தனை நாள் எடுத்தார்?

கூட்ட நேரத்தையும் விடாதீர்கள். சிகாகோவில் காலை 10 மணி என்பது கோடையில் நமக்கு இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. கலிஃபோர்னியா என்றால் இன்னும் இரண்டு மணி நேரம் தள்ளும். கூட்டத்தின் வீடியோ பதிவு கிடைக்குமா என்று கேட்டால் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தூங்கிப்போனவர் மறுநாள் எழுதிக் கேட்கும் கேள்விக்குப் பொதுச் சேனலில் பதில் வருகிறதா என்று, ஏற்கெனவே அங்கே இருக்கும் இந்தியர் ஒருவரிடம் விசாரியுங்கள்.