ஹான்காக் வீட்டின் பக்கச் சுவர்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்துச் சேலம் வட்டாரத்தில், 1734-இல் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் ஒன்று கட்டிய செங்கல் வீடு இது. இன்று மாநில அரசு காக்கும் அருங்காட்சியகம்.

எனக்கு அதன் பக்கச் சுவர்தான் உயிர். சூளையில் நெருப்பை ஒட்டி வெந்து, நீலச்சாம்பல் மெருகேறிய செங்கற்களைச் சிவப்புக் கற்களோடு கோத்து, மேலிருந்து கீழ்வரை நெளிநெளியாகக் கோலமிட்டிருக்கிறார்கள். உச்சியில் கட்டிய ஆண்டும், கணவன் மனைவி இருவரின் பெயரெழுத்துகளும். மனைவிக்கும் சுவரில் இடம்! இந்தக் கோலம் வண்ணம் பூசியதன்று, கல்லிலேயே அமைந்தது. அதனால்தான் இன்றும் அழியவில்லை.

அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1778 மார்ச் 21 விடியுமுன், உள்ளே உறங்கிய உள்ளூர்ப் படையினரைப் பிரிட்டிஷ் படை துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக் கொன்றது. வீட்டுக்காரரான நீதிபதி ஹான்காக்கும் தப்பவில்லை. பெரும்பாலோர் இந்தப் படுகொலைக் கதைக்காகவே வருகிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து சுவரையும் நின்று பாருங்கள்.