சொகோல்னிகியின் சாம்பல் வானம்

ஆஃப்செட் அச்சகத்தில் கலர் கரெக்‌ஷன் பார்ப்பது என் வேலை. காலண்டரோ புத்தக அட்டையோ, எது வந்தாலும் "இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு வரட்டும் சார்" என்பார்கள். செய்து கொடுத்துவிடுவேன். ஓர் ஓவிய நூலுக்காக ரஷ்ய ஓவியர் ஐசக் லெவித்தானின் 'இலையுதிர்கால நாள், சொகோல்னிகி' வந்தபோது மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

1879இல் வரைந்தது. மாஸ்கோவின் சொகோல்னிகி பூங்காவில் வளைந்து செல்லும் பாதை, இரு பக்கமும் நெடிதுயர்ந்த கருத்த பைன் மரங்கள். பாதையோரத்து மேப்பிள் கன்றுகள் மட்டும் மஞ்சளாகியிருக்கின்றன. கறுப்பு உடையில் ஒரு பெண் தனியே நடந்து வருகிறாள். அவளை வரைந்தது லெவித்தான் அல்ல. அவருடைய நண்பர் நிக்கொலாய் செகாவ், எழுத்தாளர் அந்தோன் செகாவின் அண்ணன். மறு ஆண்டே, ஓவியங்களைச் சேகரித்துவந்த திரெத்யாகோவ் இந்தப் படத்தை வாங்கிவிட்டார்.

இலையுதிர்காலம் என்றதும் கை தானாக மஞ்சளை ஏற்றப் போகும். இந்தப் படத்தின் துயரமோ மஞ்சளில் இல்லை. இங்கே இலையை இழப்பவை இளங்கன்றுகள். முதிய பைன்கள் பச்சை மாறாமல் நிற்கின்றன. லெவித்தானுக்கு அப்போது 19 வயது. தாயும் தந்தையும் இறந்துவிட்டார்கள். அதே ஆண்டில், யூதர் என்பதால் மாஸ்கோவில் இருக்கக்கூடாது என்று துரத்தப்பட்டு, உடன்பிறந்தவர்களோடு நகருக்கு வெளியே சால்திகோவ்காவில் ஒதுங்கியிருந்தார். அந்தக் கன்றுகளில் நான் அவரைத்தான் பார்க்கிறேன். அவர் அப்படி எண்ணித்தான் வரைந்தார் என்று சாதிக்க மாட்டேன்.

ஆனால் வானத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. படத்தின் மனநிலை முழுவதும் அந்தச் சாம்பல் மேகத்தில் இருக்கிறது. அச்சில் சாம்பல் மிகவும் நுட்பமான நிறம். சயான் என்கிற நீலம், மஜந்தா என்கிற ஊதாச்சிவப்பு, மஞ்சள் மூன்று மையும் சேர்ந்தால் வருவது. அதில் சயான் சற்றுத் தூக்கலாக இருக்கவேண்டும். மஜந்தா இம்மி கூடினாலும் மேகம் சிவந்து, மழைக்கு முந்தைய பகல் மாலைப்பொழுதாகிவிடும். கான்ட்ராஸ்டை ஏற்றினால் பைன்களின் நிழலுக்குள் இருக்கும் பச்சையும் பழுப்பும் அடைத்துக்கொண்டு வெறும் கறுப்பாகும்.

பதிப்பாளருக்காக இரண்டு ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, எடுத்தேன்: அவர் கேட்டபடி பளிச்சென்று ஒன்று, மூலத்தை ஒட்டி ஒன்று. விளக்கடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"பளிச்சுன்னு இருக்கிறதுல அந்தப் பொண்ணு வாக்கிங் வந்த மாதிரி இருக்கா" என்று அவரே சொல்லிவிட்டு, மற்றதில் கையெழுத்துப் போட்டார். நான் ப்ரூஃபை எடுத்துக்கொண்டு மெஷின்காரரிடம் போய், மஜந்தாவைக் கவனிக்கச் சொன்னேன்.