ரேமில் ஏற்றுவதா, மவுண்ட் செய்வதா: பழைய மடிக்கணினியோடு சில நாட்கள்

2 மார்ச் 2025, ஞாயிறு

பரணில் கிடந்த பழைய மடிக்கணினியை எடுத்துத் துடைத்தேன். ரேம் 512 எம்பி. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, பென் டிரைவிலிருந்துதான் துவக்க வேண்டும். அப்பாவுக்குக் கடிதம் தட்டச்சு செய்ய ஒரு கருவி, அவ்வளவே தேவை. டைனி கோர் லினக்ஸ் என்ற மிகச் சிறிய இயங்குதளத்தைப் போட்டேன். வரைகலைப் பதிப்பே 25 எம்பி வாக்கில்தான். டேம் ஸ்மால் லினக்ஸ் என்ற இன்னொரு சிறிய லினக்ஸில் வேலை செய்த ராபர்ட் ஷிங்கிள்டெக்கர் தொடங்கியது இது, 2009இல் முதல் பதிப்பு வந்தது.

இதில் ஒவ்வொரு மென்பொருளும் டிசிஇசட் என்ற ஒரே கோப்பு. உள்ளே இருப்பது ஸ்குவாஷ்எஃப்எஸ், அதாவது சுருக்கி வைத்த, படிக்க மட்டுமே முடிகிற ஒரு கோப்பு முறைமை. டைனி கோர் அதைப் பிரித்துப் போடாமல், கோப்பையே வட்டு போலக் காட்டும் ஒரு லூப் சாதனம் வழியாக அப்படியே மவுண்ட் செய்து, அதாவது கணினியோடு இணைத்து, உள்ளே இருப்பவற்றுக்கு சிம்லிங்க் எனும் குறுக்குவழி மட்டும் போட்டுவிடும். வேண்டுமானால் எல்லாவற்றையும் ரேமிலேயே பிரித்துப் போடச் சொல்லலாம். காப்பி2எஃப்எஸ் என்ற பெயரில் ஒரு வெற்றுக் கொடிக்கோப்பு (அது இருப்பதே சைகை) வைத்தால் போதும்.

ரேம்தானே வேகம் என்று கொடியை வைத்துவிட்டேன்.

3 மார்ச், திங்கள்

துவங்கவே நெடுநேரம் ஆனது. பென் டிரைவின் விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டே இருந்தது. யோசித்தால் காரணம் எளிது. இன்றைக்குத் தொடவே போகாத மென்பொருள் உட்பட அத்தனையையும் படித்து, விரித்து, ரேமில் எழுதிய பிறகுதான் திரை வரும்.

வந்த பிறகு லீஃப்பேட் என்ற உரைத்திருத்தி சட்டென்று திறந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் உலாவியைத் திறந்ததும் எல்லாமே தவழ ஆரம்பித்துவிட்டது. ‘ஃப்ரீ’ கட்டளை போட்டுப் பார்த்தேன். எஞ்சிய நினைவகம் சொற்பம், ரேம் போதாதபோது தரவை ஒதுக்கித் தள்ளும் ஸ்வாப்பும் நிரம்பிக்கொண்டிருந்தது. டைனி கோரின் ஸ்வாப், வட்டில் இல்லை. ரேமிலேயே ஒரு பகுதியை ஒதுக்கி, சுருக்கி வைத்துக்கொள்ளும் இசட்ரேம் அது.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. சுருக்கி வைத்திருந்த கோப்பை நான் ரேமில் விரித்தேன். இடம் போதாமல், லினக்ஸின் மையமான கர்னல் அதையே மறுபடி சுருக்கி ரேமிலேயே வைக்கிறது. பாவம், அந்தப் பழைய சிபியு இரண்டு முறை உழைக்கிறது.

6 மார்ச், வியாழன்

கொடிக்கோப்பை அழித்தேன். இப்போது எல்லாம் மவுண்ட். திரை மளமளவென்று வந்துவிட்டது.

லீஃப்பேட் முதல் தடவை கொஞ்சம் யோசித்துத் திறந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தால், ரேமில் இருந்தபோது எவ்வளவு வேகமோ அதே வேகம்! பலரும் கவனிக்காமல் விடுகிற இடம் இது என்று நினைக்கிறேன். மவுண்ட் செய்தால் ஒவ்வொரு முறையும் பென் டிரைவைத் தேடிப் போகும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒரு முறை படித்த பகுதியை கர்னல் பேஜ் கேஷ் என்ற பெயரில் ரேமில் வைத்திருக்கும். அடுத்த தடவை அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும். கையால் ஏற்றாமலே, தேவையான அளவு மட்டும் ரேமுக்கு வந்துவிடுகிறது.

இடம் நெருக்கும்போதுதான் வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. பேஜ் கேஷில் இருப்பதை கர்னல் தயங்காமல் தூக்கிப் போடலாம், மூலம் பென் டிரைவில் பத்திரமாக இருக்கிறது. ரேமில் பிரித்துப் போட்ட கோப்புக்கோ வேறு மூலம் கிடையாது, அதுவேதான் மூலம். அதைத் தூக்கிப் போட முடியாது, ஸ்வாப்புக்குத் தள்ளத்தான் முடியும். 512 எம்பி கணினியில் இந்த ஒரு வித்தியாசமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

8 மார்ச், சனி

ஒரு சின்ன விஷயம். ஒரு மென்பொருளின் அமைப்புக் கோப்பைத் திருத்தப் போனேன், படிக்க மட்டுமே முடியும் என்று மறுத்துவிட்டது. ஸ்குவாஷ்எஃப்எஸ் அப்படித்தான். சிம்லிங்கை நீக்கி, அந்த இடத்தில் உண்மையான நகலை வைத்துத் திருத்தினேன். அடுத்த துவக்கத்திலும் இருக்க, காப்புப் பட்டியலில் அதன் பாதையைச் சேர்த்தேன்.

9 மார்ச், ஞாயிறு

இன்று மனது சரியில்லை. அப்பா முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பெரியப்பாவுக்கு ஒரு நீண்ட கடிதம் தட்டச்சு செய்தார். நடுவில் பென் டிரைவை உருவி மேசை டிராயரில் போட்டிருக்கிறார். “நீட்டிக்கிட்டு இருந்துச்சு, கை இடிச்சிரும்னு எடுத்து வச்சேன்பா” என்றார். அவர் மேல் என்ன தப்பு? நான்தான் சொல்லவில்லை.

உருவிய பிறகும் இருபது நிமிடம் தட்டச்சு செய்திருக்கிறார், எந்தப் பிரச்சினையும் இல்லை. சேமிக்கச் சொன்ன நொடியில் லீஃப்பேட் மறைந்துவிட்டது. எழுத்தைத் திரையில் காட்டுகிற பகுதி ஏற்கெனவே பேஜ் கேஷில் இருந்ததால் ஓடியது. சேமிக்கும் பெட்டியைத் திறக்கிற பகுதியை அதுவரை யாரும் தொடவில்லை. அதைப் படிக்க கர்னல் பென் டிரைவைத் தேடியது, அங்கே ஒன்றுமில்லை. ‘பஸ் எரர்’ என்ற பிழையைக் கொடுத்து லீஃப்பேடை நிறுத்திவிட்டது. கடிதம் போயே போய்விட்டது.

ரேமில் ஏற்றுவதற்கு ஆதரவாக ஒரு நியாயமான காரணம் உண்டென்றால் இதுதான். வேகத்துக்காக ஏற்ற வேண்டாம். பென் டிரைவைக் கழற்ற வேண்டுமென்றால் ஏற்றித்தான் ஆக வேண்டும். அப்பாவோ அச்செடுக்க பென் டிரைவை வேறு கணினிக்குக் கொண்டுபோகிறவர். கழற்றாதீர்கள் என்று சொல்வது தீர்வே இல்லை.

15 மார்ச், சனி

எல்லாவற்றையும் ஏற்றாமல், குறிப்பிட்டவற்றை மட்டும் ஏற்றவும் வழி இருக்கிறது. கொடிக்கோப்புக்குப் பதில் ஒரு பட்டியல், வரிக்கு ஒரு பெயர். லீஃப்பேட் என்று ஒரே வரி எழுதித் துவக்கினேன். பென் டிரைவை முறையாக அன்மவுண்ட் செய்ய, அதாவது இணைப்பை விடுவிக்கப் பார்த்தால் ‘பிஸி’ என்றது.

‘மவுண்ட்’ கட்டளை போட்டதும் விளங்கிவிட்டது. மவுண்ட் ஆனவற்றின் வரிசையில் லீஃப்பேட் இல்லை. ஆனால் சன்னல், பொத்தான்களை வரையும் ஜிடிகே2 இருந்தது, எழுத்துகளை அடுக்கும் பாங்கோ இருந்தது, இன்னும் பத்துப் பதினைந்து துணை லைப்ரரிகள் வரிசையாக லூப் சாதனங்களில் உட்கார்ந்திருந்தன. ஏற்றச் சொன்ன ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டு, அது சார்ந்தவற்றை வழக்கம்போல மவுண்ட் செய்திருக்கிறது. இந்த நிலையில் உருவியிருந்தால் போன வாரக் கதைதான்.

சார்ந்தவற்றையும் பட்டியலில் எழுதலாம். ஜிடிகே2 முழுவதும் ரேமில் விரிந்தால் மறுபடி நெருக்கடி. ராத்திரி வெகுநேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

16 மார்ச், ஞாயிறு

காலையில் தோன்றியது. ஏற்றுவது, மவுண்ட் செய்வது இரண்டையும் எதிரெதிராகவே வைத்துப் பார்த்துவிட்டேன். டிசிஇசட் கோப்பைச் சுருக்கம் கலையாமல் ரேமுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்தே மவுண்ட் செய்தால்? நாப்பிக்ஸ், ஸ்லாக்ஸ் போன்ற வேறு லினக்ஸ்களில் ‘டுராம்’ என்று துவக்க வரியில் எழுதினால் நடப்பது இதுதானே! சுருங்கிய அளவுக்கு மட்டும் ரேம் செலவாகும், பென் டிரைவும் விடுபட்டுவிடும்.

டைனி கோரில் இதற்கு, துவக்கத்தில் கர்னல் ஏற்றிக்கொள்ளும் இனிட்ரேம்எஃப்எஸ் கை கொடுக்கிறது. அது எப்படியும் முழுக்க ரேமுக்கு வரும். லீஃப்பேட், அது சார்ந்த லைப்ரரிகள், தமிழ் எழுத்துரு எல்லாவற்றையும் டிசிஇசட் கோப்புகளாகவே சிபிஐஓ என்ற வடிவில் ஒரே கட்டாகக் கட்டி, அசல் கோப்போடு இரண்டாவதாகச் சேர்த்தேன். இப்படி ஒன்றுக்கு மேல் கொடுத்தாலும் கர்னல் வரிசையாகப் பிரித்துக்கொள்ளும். உலாவியை மட்டும் பென் டிரைவிலேயே விட்டு, ‘ஆன்டிமாண்ட்’ முறையில் வைத்தேன். அதன் படத்தைச் சொடுக்கினால்தான் மவுண்ட் ஆகும்.

துவங்கும் நேரம் முழுக்க மவுண்ட் செய்ததைவிடக் கொஞ்சம் கூடியது, திங்கட்கிழமை பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ‘ஃப்ரீ’ காட்டிய எண்ணைப் பார்த்து நிம்மதி வந்தது. லூப் சாதனங்கள் எல்லாம் இருந்தன, ஒன்றுகூட பென் டிரைவைத் தொடவில்லை. அன்மவுண்ட் மறுபேச்சில்லாமல் நடந்தது.

22 மார்ச், சனி

அன்மவுண்ட் செய்ய மேசைத் திரையில் ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தேன். உலாவி திறந்திருந்தால் கழற்ற வேண்டாம் என்று ஒரு சீட்டும் எழுதி ஒட்டினேன்.

அப்பா கடிதத்தை முதலிலிருந்து மறுபடி எழுதி முடித்தார். சேமித்தார், பொத்தானை அழுத்தினார், பென் டிரைவை உருவிக்கொண்டு அச்செடுக்கக் கிளம்பினார். அவர் போன பிறகு மடிக்கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன். கடிதம் திரையில் அப்படியே இருந்தது. கோப்பு மெனுவைத் திறந்து ‘வேறு பெயரில் சேமி’யைச் சொடுக்கினேன். பெட்டி திறந்தது.